‘கூடாது’ என்றால் எந்தக் கூடாது? ஆட்டு மூளையிலிருந்து தொடங்கும் ஒரு விளக்கம்

மட்டக்களப்புக்குப் பக்கத்திலுள்ள காத்தான்குடியில் நான் வழக்கமாக இறைச்சி வாங்கும் கடையில் ஆட்டுத் தலை கடைசியாகத்தான் விலைபோகும். தொடை, நெஞ்செலும்பு, ஈரல் எல்லாம் காலை 8 மணிக்குள் முடிந்துவிடும். போன ஞாயிறு நான் போனபோது புளியங்குற்றியின் ஓரத்தில் இரண்டு தலை கிடந்தன. மயிரைப் பொசுக்கிச் சுரண்டியதில் தோல் கறுப்பும் மஞ்சளுமாக இருந்தது. கடைக்காரக் காக்கா (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) ஒன்றை நிமிர்த்தி வைத்து, நடு மண்டையில் குறி பார்த்து ஒரே போடு போட்டார். தேங்காய் பிளந்த மாதிரி சரிபாதியாக விரிந்தது. உள்ளே இருந்ததை இரண்டு விரலால் அலுங்காமல் எடுத்து வாழையிலைத் துண்டில் வைத்தார்.

“தம்பி, மூள ரெண்டு கிடக்கு. கட்டவா?”

என்னோடு வந்திருந்த மருமகள் ஓரடி பின்னால் போனாள். அக்காவின் மகள், உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். “சீ மாமா, அதெல்லாம் சாப்பிடக் கூடாது.”

“ஏன் மகள் கூடாது? எலும்பும் இல்ல, முள்ளும் இல்ல” என்று காக்கா சிரித்தார். நான் இரண்டையும் கட்டச் சொன்னேன்.

ஆரையம்பதி வரைக்கும் மோட்டார் சைக்கிளில் சில நிமிட வழிதான். அதற்குள் ஏன் கூடாது என்று அவளிடம் கேட்டேன். முதலில், “பாக்கவே ஓங்காளிக்குது” என்றாள். கொஞ்சத் தூரம் போனதும், “நம்மட ஆக்கள் அதச் சாப்பிடுறல்ல” என்றாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, “மாட்டுப் பைத்தியம் வரும் மாமா, புத்தகத்திலயே கிடக்கு” என்றாள்.

மூன்று பதிலுக்கும் அவள் போட்டது ‘கூடாது’ என்ற ஒரே சொல். நாம் எல்லோரும் அப்படித்தான். ஆனால் முதலாவது வயிற்றின் பேச்சு, இரண்டாவது ஊரின் பேச்சு, மூன்றாவது வைத்தியரின் பேச்சு. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப் பழகினால், உலகத்தில் யார் எதைத் தின்கிறார்கள் என்ற பெரிய குழப்பத்தில் பாதி தெளிந்துவிடும். மனிதரின் உணவு விலக்குகளைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தொடக்கத்தில் இருப்பவருக்கு இந்தப் பிரிவு போதும் என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு விஷயம். மூளை தின்னாத வீடு மட்டக்களப்பில் குறைவு. கொடுவா மீன் தலையை வாங்கிப் புளி கரைத்துக் காய்ச்சினால், கண்ணைச் சுற்றியிருக்கும் கொழுப்பையும் மண்டைக்குள் இருப்பதையும் உறிஞ்சிக் குடிப்பதற்குத்தான் வீட்டில் சண்டை வரும். என் மருமகளும் அந்தச் சண்டையில் ஒரு கட்சி. மீன் தலையில் மூளை மிகச் சிறிது, அதனால் அது மூளை என்ற நினைப்பே வருவதில்லை. இதற்கு எதிர்ப்பக்கமாக, வாவி நண்டின் ஓட்டைக் கழற்றினால் மஞ்சளாக வழியுமே, அதை ‘நண்டு மூளை’ என்று சொல்லி ஆசையாக வழித்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அது மூளை இல்லை. ஈரலும் கணையமும் செய்கிற வேலையைச் சேர்த்துச் செய்யும் ஒரு சுரப்பி அது. இறால் தலையில் வரும் செம்மஞ்சள் சாறும் பெரும்பாலும் அதே சுரப்பிதான். ஆக, மூளையை மூளை என்று தெரியாமல் தின்கிறோம், மூளை இல்லாததை மூளை என்று சொல்லித் தின்கிறோம். ஆட்டு மூளை என்றதும் பின்னால் போகிறோம்.

குடலுக்கும் இதே கதைதான். முஸ்லிம் வீடுகளில் பாபத் என்றால் விருந்து. அந்தப் பெயர் மலாய்க்காரரிடமிருந்து வந்தது. தமிழ் வீடுகளில் அதையே குடல் கறி என்பார்கள். கழுவுகிற வேலைக்குப் பயந்து பலர் வாங்குவதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, மூளைக்கு வருவோம். மனிதர் மூளை தின்னத் தொடங்கியது நேற்றைக்கு இல்லை. கென்யாவில் கஞ்செரா என்ற இடத்தில், ஏறத்தாழ 20 இலட்சம் வருடத்துக்கு முந்திய படிவுகளில், மான் இன விலங்குகளின் தலை எலும்புகள் மற்ற எலும்புகளைவிட விகிதத்தில் கூடுதலாகக் கிடைத்தன. அன்றைக்கு வாழ்ந்த மனித முன்னோர் தலைகளைத் தேடி எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காரணம் எளிது. சிங்கம் தின்று விட்டுப்போன உடம்பில் தசை மிஞ்சாது. மண்டை ஓடு மட்டும் பூட்டிய பெட்டி. கையில் கல் இருக்கிறவனுக்கு அந்தப் பெட்டி திறக்கும், உள்ளே இருப்பதோ கொழுப்பு நிறைந்த உணவு.

இன்றைக்கும் உலகப் படத்தில் எங்கே விரலை வைத்தாலும் மூளைக்கு ஒரு சமையல் உண்டு. லாகூரிலும் கராச்சியிலும் மகஸ் மசாலா, தக்காளியும் இஞ்சியும் பச்சை மிளகாயும் போட்டுப் புரட்டியது. பெருநாளில் குர்பான் கொடுத்த கையோடு முதலில் சட்டியில் ஏறுகிறவற்றில் அதுவும் ஒன்று. ஈரானில் கல்லே பாச்சே என்று ஆட்டுத் தலையையும் காலையும் இரவெல்லாம் கொதிக்கவைத்து விடியற்காலையில் ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். துருக்கியில் அவித்த மூளையைக் குளிரவைத்து எலுமிச்சை பிழிந்து சாலட்டாகப் பரிமாறுகிறார்கள். பிரான்சில் கன்றுக்குட்டியின் மூளையை வெண்ணெயில் பொரிப்பார்கள். மெக்சிகோவில் அது சோள ரொட்டிக்குள் போகும். சீனாவின் சோங்சிங் நகரத்தில் மிளகாய் மிதக்கும் கொதி சட்டிக்குள் பன்றி மூளையை இறக்குவார்கள். பிலிப்பீன்ஸின் செபு தீவில் பன்றி மூளையையும் ஈரலையும் குமிழ் குமிழாகக் கொதிக்கவைத்து, தென்னோலைக் கூட்டுக்குள் வேகவைத்த சோற்றை அதில் தோய்த்துத் தின்கிறார்கள். தெருவோரத்தில், பலர் ஒரே சட்டியைச் சுற்றி நின்றுகொண்டு.

நமக்கு மிக நெருக்கமானது சுமாத்திராவின் பாடாங் ஊர்ச் சமையல். தேங்காய்ப் பாலும் மஞ்சளும் போட்ட மூளைக் கறி. காத்தான்குடி உம்மா ஒருவரிடம் கொடுத்தால், “இது நம்மட பாலாணம்தானே” என்று சொல்லிவிட்டு மிளகைக் கூட்டச் சொல்வார்.

சீனாவிலே மேசையில் ஓட்டை போட்டு உயிர்க் குரங்கின் மூளையைத் தின்கிறார்களாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுப் போங்கள். எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், கண்ணால் பார்த்தவரைக் காணக் கிடைப்பதில்லை. அடுத்த ஊர்க்காரன் என்ன தின்கிறான் என்பதைக் கூட்டிச் சொல்வதில் எல்லா நாட்டுக்காரருக்கும் ஒரு சந்தோஷம்.

எங்கள் வீட்டில் அம்மா சமைக்கிற விதத்தைச் சொல்கிறேன். ஓர் ஆட்டு மூளை 100 கிராம் சொச்சம் இருக்கும். சிரட்டைக்குள் அடங்கிவிடும். குளிர்ந்த தண்ணீரில் உப்புப் போட்டு அதை ஊறவைப்பார். தண்ணீர் இளஞ்சிவப்பாகும்போதெல்லாம் ஊற்றிவிட்டு மாற்றுவார். பிறகு தண்ணீருக்குள் வைத்தபடியே மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை மடிப்பிலிருந்து நகநுனியால் கிளப்பி உரிப்பார். அந்தத் தோலில்தான் நூல் நூலாகச் சிவப்பு இரத்தக் குழாய்கள் ஓடும். அவை போய்விட்டால் மிஞ்சுவது வெள்ளை வெளேரென்று, மடிப்பு மடிப்பாக. இந்த வேலையில் அவசரப்பட்டால் கையோடு பிய்ந்துவரும்.

அப்புறம் மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில், கொதி அடங்கிய சூட்டில் பத்து நிமிடம். வட்டிலப்பம் மாதிரித் தளதளவென்று இருந்தது இறுகி, கத்தி வைத்தால் துண்டாக நிற்கும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ரம்பை, கறிவேப்பிலை வதக்கி, இடித்த மிளகும் பெருஞ்சீரகமும் தூவி, துண்டுகளைப் போட்டுச் சட்டியைப் பிடித்து ஆட்டுவார். அகப்பை போட்டுக் கிண்டினால் கஞ்சியாகிவிடும். வாசத்தில் ஆட்டு வாடையே இருக்காது. வாயில் வைத்தால் முட்டைப் பொரியலுக்கும் இளம் பாலாடைக்கும் நடுவில் ஒரு பதம்.

“மூள திண்டா மூள வளரும்” என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மா எனக்குச் சின்ன வயதில் ஊட்டினார். சோதனைக் காலத்தில் மட்டும் கிடைக்கும். எந்த உறுப்பைத் தின்கிறோமோ அந்த உறுப்புக்குப் பலம் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. எலும்பு முறிந்தவருக்கு ஆட்டுக்கால் சூப் கொடுப்பதும் அந்த வகைதான். வயிற்றுக்குள் போனதும் மூளை மூளையாக இருப்பதில்லை. புரதம் அமினோ அமிலமாக, கொழுப்பு கொழுப்பமிலமாக உடைந்துபோகிறது. ஆனால் அம்மா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. மூளையில் ஒமேகா 3 வகைக் கொழுப்பும் பி12 விற்றமினும் நன்றாக உண்டு. அதே ஒமேகா 3 சாளையிலும் சூரையிலும் இருக்கிறது. கடற்கரை ஊரில் பிறந்த பிள்ளைக்கு அதற்காக ஆட்டுத் தலையைப் பிளக்க வேண்டியதில்லை.

மறுபக்கம் கொலஸ்ட்ரோல். ஒரு கோழி முட்டையில் ஏறத்தாழ 190 மில்லிகிராம். 100 கிராம் பச்சை மாட்டு மூளையில் ஏறத்தாழ 3,000 மில்லிகிராம். செம்மறியின் மூளையில் அதில் பாதியளவு. சாப்பாட்டிலுள்ள கொலஸ்ட்ரோல் முழுவதும் அப்படியே இரத்தத்துக்குப் போய்விடுவதில்லை என்றாலும், கிளினிக்கில் மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அக்காவின் புருஷன் அந்தப் பட்டியலில் இருக்கிறார். அதனால் அவருடைய பங்கு எனக்கு வரும்.

இனி மருமகளின் மூன்றாவது பதில், மாட்டுப் பைத்தியம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதல் இரண்டு ‘கூடாது’க்கும் இடமிடத்துக்கு வேறு வேறு கதை உண்டு. இது எங்கே போனாலும் ஒரே கதை.

1980களின் நடுப்பகுதியில் பிரித்தானியாவில் மாடுகள் தள்ளாடி விழத் தொடங்கின. வெட்டிப் பார்த்தபோது மூளை கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. மாட்டுக்கு மலிவாகப் புரதம் ஊட்டுவதற்காக, செத்த விலங்குகளின் இறைச்சியையும் எலும்பையும் மாவாக்கித் தீவனத்தில் கலந்திருந்தார்கள். புல் தின்கிற மாட்டை மாடு தின்ன வைத்ததுதான் நோயைப் பரப்பியது. 1988 இல் அந்தத் தீவனத்தைத் தடைசெய்தார்கள். 1989 இல் மூளை, முண்ணாண் (தண்டுவடம்), மண்ணீரல் போன்றவற்றை மனிதர் உண்ணக் கூடாது என்றார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மாட்டிறைச்சியில் பயமில்லை என்று காட்டுவதற்கு 1990 இல் ஓர் அமைச்சர் தன் சின்ன மகளுக்கு பர்கர் ஊட்டிப் படம் பிடிக்கவைத்தார். 1996 மார்ச்சில், அந்த நோய் மனிதருக்கும் வந்திருக்கலாம் என்று அரசாங்கம் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஒரு இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதியானது. பிரித்தானியாவில் மட்டும் 178 பேர் அதன் மனித வடிவத்தால் இறந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 178 பேர் மூளையைக் கேட்டு வாங்கித் தின்றவர்கள் என்று யாரும் நினைப்பதில்லை. எலும்போடு ஒட்டியதையும் முண்ணாணையும் இயந்திரத்தில் சுரண்டி அரைத்துச் சேர்த்த மலிவு இறைச்சி வழியாகத்தான் நோய் பெரும்பாலும் போயிருக்கும் என்பது கணிப்பு. பர்கரைப் பார்த்து யாரும் ‘சீ’ என்று சொல்லவில்லை.

நோயை உண்டாக்குவது வைரசும் இல்லை, பற்றீரியாவும் இல்லை. பிரியன் என்ற, மடிப்புக் குலைந்த ஒரு புரதம். 1982 இல் ஸ்டான்லி புருசினர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தப் பெயரை வைத்தபோது பலர் நம்பவில்லை. 1997 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இது எப்படி வேலை செய்கிறது என்று மருமகளுக்குத் தயிர்ச் சட்டியை வைத்துத்தான் சொன்னேன். பாலில் ஒரு கரண்டி உறை விட்டால் முழுச் சட்டியும் தயிராகிறதல்லவா? நம் மூளையில் ஒழுங்காக மடிந்த புரதங்கள் பால் என்று வையுங்கள். பிழையாக மடிந்த ஒன்று உறைபோல உள்ளே வந்தால், தொட்டதையெல்லாம் தன்னைப்போல மடித்துக்கொண்டே போகும். தயிருக்கு ஓரிரவு, பிரியனுக்குப் பல வருடம். இந்த உவமை ஓரிடத்தில் உடையும். உறையில் இருப்பது உயிருள்ள பற்றீரியா, கொதிக்கவைத்தால் செத்துவிடும். பிரியனுக்கு உயிரே இல்லை. அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது. “நல்லா வேகவச்சா ஒண்டும் செய்யாது” என்ற நம் வழக்கமான தைரியம் இங்கே செல்லாது.

பிரியனுக்கு இன்னும் பழைய கதை ஒன்று பப்புவா நியூகினியில் இருக்கிறது. அங்கே மலைப்பகுதியில் வாழும் போரே மக்களிடையே குரு என்ற நோய் பரவியது. நடுக்கம், தள்ளாட்டம், காரணமில்லாத சிரிப்பு, ஒரு வருட அளவில் மரணம். செத்தவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் பிள்ளைகளும். மரபு நோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஷெர்லி லிண்டன்பாம், ரொபர்ட் கிளாஸ் என்ற இரண்டு மானிடவியலாளர்கள் வீடு வீடாகப் போய், யார் செத்தார்கள், அவர்களை யார் புதைத்தார்கள், எப்படி என்று கேட்டார்கள். இறந்த உறவினரின் உடலை உண்பது அந்த மக்களின் துக்கச் சடங்கு. மண்ணில் புழு தின்பதைவிட அன்பு வைத்தவர்கள் வயிற்றில் போவது மேல் என்பது அவர்கள் எண்ணம். மூளை பெரும்பாலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போனது. 1960 அளவில் அந்த வழக்கம் நின்றது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு நோய் வரவில்லை. ஆனால் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தின்றவர்களில் சிலருக்கு 50 வருடம் கழித்து வந்தது. 2,500 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த நோய் மனிதரிலிருந்து விலங்குக்குத் தொற்றும் என்று சிம்பன்சிகளில் காட்டிய கார்ல்டன் கஜ்டுசெக் 1976 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அப்படியானால் ஆட்டு மூளை? செம்மறிக்கும் ஆட்டுக்கும் ஸ்க்ரேப்பி என்று ஒரு பிரியன் நோய் உண்டு. ஐரோப்பாவில் 250 வருடத்துக்கு மேலாக அதை அறிந்திருக்கிறார்கள். அது மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியம் 12 மாதத்துக்கு மேற்பட்ட ஆட்டின் மூளையை உணவுச் சங்கிலியிலிருந்து விலக்கியது. அமெரிக்கா 30 மாதத்துக்கு மேற்பட்ட மாட்டின் மூளையை 2004 இல் விலக்கியது. அங்கே இந்தியானா மாநிலத்து எவன்ஸ்வில் என்ற ஊரில் பாணுக்குள் மாட்டு மூளைப் பொரியலை வைத்து விற்பது பழைய வழக்கம். மாட்டு மூளை போனதும் பன்றி மூளைக்கு மாறினார்கள். பழக்கத்தை விடவில்லை. என் கொள்கையைக் கேட்டால், இளம் ஆடு, தெரிந்த கடை, வருடத்தில் இரண்டு மூன்று தடவை. மாட்டு மூளையை நான் வாங்குவதில்லை. அதில் எனக்குப் பயமும் கொஞ்சம், வீட்டு வழக்கமும் கொஞ்சம். எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாது.

வயிற்றின் பேச்சுக்கு வருகிறேன். அருவருப்பு என்ற உணர்ச்சியை நெடுங்காலம் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் போல் ரோசின். கிருமி நீக்கிய செத்த கரப்பானைப் பழச்சாற்றில் முக்கி எடுத்துவிட்டு, குடிப்பீர்களா என்று கேட்டார். கிருமி ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகும் பலர் மறுத்தார்கள். ஆபத்து இல்லை என்று அறிவுக்குத் தெரிந்த பிறகும் தொண்டை இறங்க மறுக்கிறது. என் மருமகளுக்குக் கடையில் நடந்ததும் இதுதான். மூளை தன்னைக் காட்டிக்கொடுக்கும் இறைச்சி. தொடை என்றால் வெறும் துண்டு. மூளை, நாக்கு, கண் என்றால் அது ஒரு உயிரின் எந்த இடம் என்று பார்த்தவுடன் தெரிகிறது, நம்மிடமும் அது இருக்கிறது என்ற நினைப்பும் கூடவே வருகிறது.

இந்த உணர்ச்சியை மாற்ற முடியுமா என்று இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் பார்த்திருக்கிறார்கள். நல்ல இறைச்சியெல்லாம் இராணுவத்துக்குப் போனதால், வீட்டில் இருப்பவர்களை இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்புகளைத் தின்ன வைக்க வேண்டியிருந்தது. கேர்ட் லெவின் என்ற உளவியலாளர் சில குடும்பப் பெண்களுக்கு அதன் சத்தைப் பற்றி விரிவுரை நடத்தினார். வேறு சிலரைக் கூட்டமாக இருத்தித் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கச் சொன்னார். விரிவுரை கேட்டவர்களில் 3 வீதமானோர்தான் வீட்டில் சமைத்துப் பார்த்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 வீதம். எங்கள் ஊரில் நாலு பெண்கள் கிணற்றடியில் பேசிக்கொண்டால் எட்டு வீட்டில் அடுத்த நாள் அதே கறி. லெவின் அதற்கு எண் போட்டார்.

ஊரின் பேச்சுக்கு நல்ல உதாரணம் குதிரை. ஜப்பானின் குமமோட்டோவில் அதைப் பச்சையாக மெல்லிசாக வெட்டித் தின்கிறார்கள். கசக்ஸ்தானில் அது விருந்து. 2013 ஜனவரியில் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் மாட்டிறைச்சி என்று விற்ற பர்கரில் குதிரை கலந்திருந்தது தெரிந்தபோது நாடே கொதித்தது. அதைத் தின்று யாரும் நோயில் விழுந்ததாகச் செய்தி இல்லை. ஏமாற்றினார்கள் என்ற கோபம் பாதி, குதிரையையா தின்றோம் என்ற ஓங்காளம் பாதி. பெருவில் கினி எலி விருந்து உணவு. குஸ்கோ தேவாலயத்தில் 18ஆம் நூற்றாண்டில் மார்கோஸ் சபாத்தா வரைந்த கடைசி இராப்போசனப் படத்தில் இயேசுவின் முன்னால் தட்டில் மல்லாந்து கிடப்பது அதுதான்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு ஹதீஸில் இருக்கிறது, காத்தான்குடி நண்பன் ஒருவன் சொன்னான். நபி (ஸல்) அவர்களுக்கு முன்னால் பொரித்த பாலைவன உடும்பு வைக்கப்பட்டது. அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் கேட்டார். இல்லை, என் மக்களின் ஊரில் இது இருந்ததில்லை, அதனால் எனக்கு மனம் ஒப்பவில்லை என்றார்கள். காலித் அதை இழுத்துவைத்துச் சாப்பிட்டார். விலக்கு வேறு, விருப்பமின்மை வேறு என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை.

அந்தத் தெளிவு நம் ஊரில் தேவைப்படுகிறது. ஒரே பிரதான வீதியில், மாடு தொடாத வீடும் பன்றி தொடாத வீடும் இரண்டும் தின்கிற வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. கண்ணகை அம்மன் சடங்கு நாட்களில் மீன்கூட வாங்காத தெருக்கள் உண்டு. இந்த விலக்குகளுக்கு ஆரோக்கியக் காரணம் கண்டுபிடிக்க முயல்வது எனக்குப் பிடிக்காத வேலை. விலக்கு ஒரு சமூகம் தனக்குப் போட்டுக்கொண்ட கோடு. அதை ஆய்வுகூடத்தில் நிரூபிக்கவும் தேவையில்லை, உடைக்கவும் தேவையில்லை.

காட்டு இறைச்சியில்தான் மூன்று ‘கூடாது’வும் போட்டுக் குழம்பிக் கிடக்கின்றன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வயது போனவர்கள் மான் வத்தல், மரை வத்தல் என்று பேசத் தொடங்கினால் வாயூறும். இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர்கள் இறைச்சியைத் தேனுக்குள் போட்டுப் பஞ்ச காலத்துக்குச் சேமித்தார்கள். குடைந்த மரத்துண்டில் தேனை ஊற்றி, இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்து வைப்பார்கள் என்று கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் 1681 இலேயே எழுதியிருக்கிறார். உப்பு கிடைக்காத காட்டில் அதைவிட நல்ல யோசனை கிடையாது. தேன் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கிருமி வளராது. உடும்பு, அழுங்கு எல்லாம் அந்தச் சமையலில் இருந்தவை. இன்றைக்கு மான், மரை, உடும்பு, அழுங்கு ஆகியவற்றைப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கடலாமையும் ஆவுளியா என்ற கடற்பசுவும் அப்படியே. இது நான்காவது ‘கூடாது’ என்று வைத்துக்கொள்ளலாம். காட்டுப்பன்றிக்கு வேறு ஓர் எச்சரிக்கை. அரைவேக்காட்டில் தின்றால் அதன் தசையிலிருக்கும் ட்ரிக்கினெல்லா என்ற புழு நம் தசைக்குக் குடிமாறும். இங்கே நன்றாக வேகவைத்தால் போதும்.

வேகவைத்தாலும் போதாதவை கடலில் இருக்கின்றன. கரைவலை இழுக்கும்போது பேத்தை மீன் ஊதிப் பெருத்துக்கொண்டு கிடக்கும், பிள்ளைகள் காலால் உருட்டுவார்கள். பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் நஞ்சு சூட்டுக்கு மசியாது, மூச்சை நிறுத்திவிடும். ஜப்பானில் அதே இன மீனை அனுமதிப்பத்திரம் உள்ள சமையல்காரர் மட்டும்தான் வெட்டலாம். ஆமை இறைச்சியும் சில காலங்களில் நஞ்சாகும். எந்த ஆமை என்று கறியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஈரலிலும் ஒரு பொறி உண்டு. 1597 இல் வடதுருவப் பனியில் சிக்கியிருந்த டச்சு மாலுமிகள் பனிக்கரடியின் ஈரலைத் தின்றார்கள். சிலருக்குத் தலை முதல் கால் வரை தோல் உரிந்தது. அளவு மீறிய ஏ விற்றமின். அங்கேயே வாழும் இனுயிட் மக்கள் அந்த ஈரலைத் தொடுவதில்லை. நம் ஆட்டீரலில் அவ்வளவு இல்லை. ஆனாலும் கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்கும்படி பிரித்தானியச் சுகாதாரத் துறை சொல்வது இதே விற்றமினால்தான். பார்த்தீர்களா, ஈரலைப் பார்த்து யாரும் ஓங்காளிப்பதில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு இரத்தம் ஊறும் என்று சொல்லித் தேடி வாங்கிக் கொடுக்கிறோம்.

நெடியைப் பற்றியும் ஒரு வரி. ஐஸ்லாந்தில் சுறாவைப் புளிக்கவைத்து மாதக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டுத் தின்கிறார்கள். அந்தக் கிறீன்லாந்துச் சுறாவின் பச்சை இறைச்சி நஞ்சு, புளித்தால்தான் உண்ணலாம். அமோனியா நெடிக்கு மூக்கைப் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். சுறாக் கருவாடு பொரிக்கிற நாளில் எங்கள் வளவுக்குள் ஓர் ஐஸ்லாந்துக்காரரைக் கூட்டிவந்து நிறுத்திப் பார்க்க ஆசை.

அன்றைக்கு மதியம் அம்மா மூளையைப் பொரித்து மேசையில் வைத்தார். மருமகள் மீன் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. சோறு முடியும் தறுவாயில் சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த மிளகு, வெங்காயத்தை மட்டும் விரலால் வழித்து வாயில் வைத்தாள். “மிளகு காணாது அம்மம்மா” என்றாள். அதில் மூளை ஒட்டியிருந்ததா இல்லையா என்று அம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வருகிற ஞாயிறு போயா என்ற பௌர்ணமி விடுமுறை, இறைச்சிக் கடை பூட்டு. சனிக்கிழமை வெள்ளனப் போனால் தலை கிடைக்கும் என்று காக்கா சொல்லியிருக்கிறார்.